இவர்கள் இருவரும் ஒருவரா?

கோப்புகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தன. பூசை முடிந்து வந்து, சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மேர்சி ஊற்றித் தந்த பிளேன்ரீயோடு கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டபோது மணி ஒன்பதரை. கனடாவிலிருந்து ஒன்று, நோர்வேயிலிருந்து ஒன்று. மாதக் கடைசி ஞாயிறுகளில் வழக்கமாக வருகிறவைதான். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ மீன் வெட்டுகிற சத்தம் கேட்டது.

ஊர்காவற்றுறையில் என்னை எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் அன்ரனிதாஸ். பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். மனைவி மேர்சி முன்பள்ளி ஆசிரியை, நெடுந்தீவில் பிறந்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினான்கு வருடமாக நேராத கோயில் இல்லை, காட்டாத வைத்தியர் இல்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே, "எங்கட கிளை எங்களோட முடிஞ்சிடும், என்ன?" என்று கேட்டாள். அன்று பின்னேரமே நான் அவளுடைய குடும்பத்தின் வம்ச மரத்தைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். எங்கள் இரண்டு பெயரும் ஓரிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்ற ஆசைதான், வேறொன்றுமில்லை.

அந்த மரத்தை வளர்க்க மூன்று பேர் புறப்பட்டோம், மூன்று பேரும் மூன்று விதமாக. மேர்சியின் தாய்மாமன் மரியநாயகத்தார் கனடாவில் இருந்துகொண்டு ஓர் இணையத்தளத்தில் எழுதுகிறார். அவளுடைய தம்பி அமலதாஸ் நோர்வேயில் தன் கைப்பேசிச் செயலியில் எழுதுகிறான். நான் என் கணினியில் உள்ள மென்பொருளில். ஒருவர் சேர்த்த பிள்ளை மற்றவரிடம் இராது. ஒருவர் திருத்திய திகதி மற்றவரிடம் பழையபடியே கிடக்கும். அதனால் மாதம் ஒருமுறை இருவரும் தங்கள் மரத்தைக் கோப்பாக்கி எனக்கு அனுப்ப, நான் மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றாக்கித் திருப்பி அனுப்புவேன். அன்றைக்குச் செய்தது கடைசித் தடவை. இனி மூன்றும் தாங்களாகவே நாளுக்கொருமுறை ஒன்றோடொன்று பேசி ஒத்துக்கொள்ளும்படி அமலதாஸ் ஏதோ ஒரு சேவையில் இணைத்திருந்தான். அவன் வேலைக்குப் போகமுதல் பார்ப்பதற்கு வசதியாக நேரத்தையும் குறித்திருந்தான். எங்களுக்கு அது பகல் பன்னிரண்டு மணி.

மரியநாயகத்தார் தங்கமான மனிதர். ஆனால் அவர் விசைப்பலகையில் கை வைத்தால் உறவுமுறை தலைகீழாகிவிடும். ஒருமுறை தன் சொந்தச் சகலனை அந்த மனிசனின் மாமியாருக்கே கட்டிவைத்தார். செத்துப்போன ஒரு படகுக்காரச் சம்மாட்டியை மூன்று தரம் பிறக்கவைத்தார். அவர் பிழை விடுவதில் சூரன், நான் பிழை பிடிப்பதில். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு பேரைக் கண்டால் என் மென்பொருள் இருவரையும் இடமும் வலமுமாகப் போட்டு ஒரு கேள்வி கேட்கும். இவர்கள் இருவரும் ஒருவரா? ஆம் என்று அழுத்தினால் இரண்டு பதிவும் ஒன்றாகிவிடும். அன்றைக்கு நாற்பத்தொரு சோடிகள் வந்தன. முப்பதைத் தாண்டியபோது கண் எரிந்தது. அப்போது இடப்பக்கம் மேர்சி வந்தாள், வலப்பக்கமும் மேர்சி வந்தாள். தகப்பன் சூசைப்பிள்ளை, தாய் எமிலி, பிறந்த இடம் நெடுந்தீவு. இரண்டிலும் அதேதான். வலப்பக்கத்தில் பிறந்த திகதி இல்லை, அடியில் ஏதோ ஒரு வருடம் மட்டும் கிடந்தது. மனிசன் என் பெண்சாதியையும் இரண்டு தரம் பிறப்பித்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

இறந்துபோன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் எங்கள் தீவுகளில் எத்தனையோ வேதக்காரக் கத்தோலிக்க வீடுகளில் உண்டு. எனக்கு அது தெரியாதா? என் சொந்தச் சித்தப்பாவே அப்படி இரண்டாம் தரம் வைத்த பெயர்க்காரர். மேர்சி குசினியில்தான் நின்றாள், பத்து அடி தூரம். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள். அன்று காலை சேமக்காலையில் பூசை நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்களின் பட்டியலைக் கொடுக்க, பங்குச் சுவாமியார் கல்லறைகளுக்கு நடுவில் நின்று பெயர் பெயராக வாசிப்பார். மற்றவர்கள் கொப்பித்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நான் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி, இறந்த திகதி உள்ள அத்தனை பேரையும் அச்சடித்து, மடித்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாசித்துப் பார்க்கவில்லை.

மழைக்கால வெக்கை. மெழுகுதிரி மணமும் ஈரமண் மணமும் கலந்து நின்றன. சுவாமியார் எங்கள் தாளை எடுத்தார். சூசைப்பிள்ளை, அவருடைய தகப்பன், தகப்பனின் சகோதரங்கள் என்று வாசித்துக்கொண்டு வந்தார். பிறகு ஒரு கணம் தாளைப் பார்த்துத் தயங்கினார். அவர் புதிதாக மாறி வந்தவர், எங்களை அவ்வளவாகத் தெரியாது.

"அன்ரனிதாஸ் மேர்சி," என்று வாசித்தார்.

முன்வரிசையில் நின்ற நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். உயிரோடு என் தோளில் தோள் முட்ட நிற்கிற மனுசியைச் செத்தவர்களோடு சேர்த்துக் கூப்பிட வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன்.

மேர்சி நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது.

"வந்திட்டன்," என்றாள்.

அது அவளுடைய குரல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தான் எதுவும் சொல்லவில்லை என்றாள். சுவாமியார் தன் பெயரை வாசித்தது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அழுவாள் என்று பயந்தேன், அவள் சிரித்தாள்.

"உங்கட கொம்பியூட்டர் என்னை அனுப்பி வைச்சிட்டுது போல. வேற பெண் பாக்கிற யோசனையோ?"

"பகிடியை விடும். உமக்கு முன்னம் ஒரு அக்கா இருந்தவவோ?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஓம். எனக்கு முன்னம் ஒண்டு. அவவின்ர பேரைத்தான் எனக்கும் வைச்சது. அம்மா அதைப்பற்றிக் கதைக்க விடமாட்டா. அம்மாவுக்குத் தெரியாம மாமாதான் எழுதி வைச்சிருப்பார்," என்றாள். பிறகு செம்பை எடுத்துப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். இன்னொரு செம்பு குடித்தாள். மூன்றாவதையும் குடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

நான் கணினியில் மேர்சியின் பதிவைத் திறந்தேன். பிறப்பு, ஞானஸ்நானம், முதல்நன்மை, உறுதிப்பூசுதல், படிப்பு, வேலை, எங்கள் கலியாணம். அதற்கெல்லாம் கீழே, இறப்பு: 1984. 1986இல் பிறந்தவள் 1984இல் இறந்திருந்தாள். அந்த வரியை அழித்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு மூன்று மரங்களும் ஒத்துக்கொண்டன. போய்ப் பார்த்தேன். அழித்த வரி திரும்பி வந்திருந்தது. அதோடு வேறொன்றைக் காணவில்லை. எங்கள் கலியாணம் இல்லை. திகதி இல்லை, கோயில் பெயர் இல்லை, கணவன் என்ற இடத்தில் நான் இல்லை.

மரியநாயகத்தாரின் வேலைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றங்களின் பட்டியலைத் திறந்தேன். யார் எந்த நேரத்தில் எதைத் தொட்டார்கள் என்று அதில் இருக்கும். மரத்துக்குள் வர அனுமதி உள்ளவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

மாற்றியவர்: மேர்சி.

குசினியில் செம்பு விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. ஓடினேன். மேர்சி பானைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தாள். பானை வெறுமை. சட்டை முன்பக்கம் தோய்ந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், வீதியில் போகிற யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல.

"மாமா, தண்ணி தாங்கோ."

பதினான்கு வருடமாக என்னை 'இஞ்சேருங்கோ' என்றே கூப்பிட்டவள். இது ஒரு சின்னப்பிள்ளை தெரியாத ஆம்பிளையை மரியாதையாகக் கூப்பிடுகிற 'மாமா'. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். ஏன் சட்டை நனைந்திருக்கிறது என்று என்னிடமே கேட்டாள்.

நான் கலியாணத்தைத் திரும்ப எழுதிச் சேமித்தேன். திங்கள் பன்னிரண்டுக்கு அது மறுபடி போனது, அதோடு அவளுடைய வேலையும் போனது. அன்று காலை முன்பள்ளிக்குப் போனவளைப் பன்னிரண்டரைக்கு உதவி ஆசிரியை கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளோடு பாயில் குந்தியிருந்து தன்னை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி அழுதாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். களைப்பு என்று ஊசி போட்டார்கள். செவ்வாய் பன்னிரண்டுக்குப் படிப்பு போனது. பின்னேரம் பத்திரிகையை நீட்டினேன், அவள் எழுத்துக்களை விட்டுவிட்டுப் படங்களைத் தடவிப் பார்த்தாள்.

பதிவில் கீழிருந்து மேலாக அவளுடைய வாழ்க்கை ஒவ்வொரு நாளும் ஒரு வரி கழன்றுகொண்டிருந்தது. கழன்றது அவளிடமிருந்தும் கழன்றது.

நோர்வேக்குத் தொலைபேசி எடுத்தேன். அமலதாஸ் பயந்துபோயிருந்தான்.

"நான் நேற்றே இணைப்பை நிப்பாட்டிப்போட்டன் அத்தான். பிறகும் பன்னிரண்டுக்கு ஓடுது. எனக்கு விளங்கேல்லை."

கனடாவிலும் அதே கதைதான். மரியநாயகத்தார் தான் ஒன்றையும் தொடவில்லை என்று அந்தோனியார்மீது சத்தியம் செய்தார். அந்த மனிசனில் பழியைப் போட முடிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

புதன்கிழமை உறுதிப்பூசுதல் போனது. இனி மிச்சம் இருந்தது பிறப்பு, ஞானஸ்நானம், முதல்நன்மை. முதல்நன்மை, கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கியது, அவளுடைய எட்டு வயதில். மற்ற இரண்டும் மூத்தவளுக்கும் இருந்திருக்கும். வியாழன் பன்னிரண்டுக்கு அதுவும் போய்விட்டால் அதற்குப் பிறகு என் மேர்சி என்று சொல்ல ஒன்றும் இராது. பானைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். அவள் எழும்பி வந்து, "அழாதேங்கோ மாமா," என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை எனக்கு இதமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வழி ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அந்தப் பதிவை அழித்து, என் கணினியில் மட்டும் அதை இரண்டு பேராகப் பிரித்து, பன்னிரண்டுக்கு முதல் அனுப்பிவிட வேண்டும். ஆனால் மூத்தவளின் பக்கத்தில் போடுவதற்கு எங்களிடம் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. வெறும் பெயரோடு பிரித்துப் பார்த்தேன். அடுத்த நொடியே மென்பொருள் திரும்பக் கேட்டது. இவர்கள் இருவரும் ஒருவரா? அவளுக்கென்று சொந்தமாக ஒரு பிறந்தநாளும் ஒரு சாவும் வேண்டும். அது தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான்.

மேர்சியின் தாய், என் மாமி, நெடுந்தீவில் தனியாக இருக்கிறா. எழுபத்திரண்டு வயது. கண்ணும் தெளிவு, தலையும் தெளிவு. யாருடைய பிறந்தநாளையும் கேட்டால் கிழமையோடு சொல்லுவா. ஞாயிற்றுக்கிழமை நான் அழைத்து மூத்தவளின் பேச்சை எடுத்ததும் தொலைபேசியை வைத்துவிட்டா. புதன் பின்னேரம் எட்டாம் தடவை எடுத்தேன்.

"மாமி, என்ர மேர்சி சாகப்போறாள். நீங்கள் சொல்லாட்டி சாகப்போறாள்."

அங்கே காற்று அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"எழுபத்தெட்டாம் ஆண்டு ஆனி மாசம் பதினொண்டு, ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள்," என்றா மாமி. "எண்பத்துநாலு கார்த்திகையில வயித்தாலடி, நிக்காமப் போச்சுது. காய்ச்சலும். கடல் கொந்தளிப்பு, மூண்டு நாளாப் படகு இல்லை. நாலாம் நாள் ஏத்தினம். தண்ணி தண்ணி எண்டு கேட்டவள். வயித்தாலடிக்குத் தண்ணி குடுத்தாக் கூடிப்போகும், குடுக்காதேங்கோ எண்டு எல்லாரும் சொன்னவை. அந்தக் காலத்தில அப்பிடித்தான் தம்பி. நான் குடுக்கேல்லை. போத்தல் என்ர மடியிலதான் இருந்தது."

"எங்க மாமி செத்தவ?"

"நடுக்கடலில. இஞ்சயுமில்லை, அங்கயுமில்லை."

"பிறகு ஏன் மாமி அவவுக்கு ஒரு பூசைகூட வைக்கேல்லை?"

"வைச்சா அவள் செத்தவள் எண்டு ஆயிடுமெல்லோ," என்றா மாமி. குரல் உடையவில்லை. "அடுத்ததும் பொம்பிளைப்பிள்ளையாப் பிறக்க, அந்தப் பேரையே வைச்சனான். ஆக்கள் ஞாபகத்துக்கு வைக்கிறவை. நான் ஞாபகத்துக்கு வைக்கேல்லைத் தம்பி. அவள் திரும்பி வாறதுக்கு ஒரு இடம் இருக்கட்டும் எண்டு வைச்சனான்."

அந்த வார்த்தையை மேர்சியிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

வியாழன் பதினொன்றரை மணி. கனடாவில் நடுச்சாமம் தாண்டியிருந்தது, மரியநாயகத்தார் கண்ணாடியோடு விழித்திருந்தார். அமலதாஸ் வேலைக்கு லீவு போட்டிருந்தான். இருவரும் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இணைப்பில் நின்றார்கள். வீதியில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. காகம் கத்தவில்லை. அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கிளாசில் தண்ணீர் ஊற்றுவது, குடிப்பது, ஊற்றுவது, குடிப்பது.

"நான் அழிச்சிட்டன்," என்றார் மரியநாயகத்தார்.

"நானும் அழிச்சிட்டன் அத்தான். கெதியாச் செய்யுங்கோ."

நான் பதிவை இரண்டாகப் பிளந்தேன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கத்தில் மாமி சொன்னதைப் போட்டேன். 1978 ஆனி 11, நெடுந்தீவு. 1984 கார்த்திகை, கடலில். அவ்வளவுதான், ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கை. வலப்பக்கத்தில் என் மேர்சியைத் திரும்பக் கட்டினேன். பிறந்த திகதி, ஞானஸ்நானம், முதல்நன்மை, உறுதிப்பூசுதல், படித்த வருடங்கள், முன்பள்ளி வேலை. 2010 வைகாசி 22 சனிக்கிழமை, கலியாணம், கணவன் அன்ரனிதாஸ். எழுத்துக்கள் பிழைத்தன. திருத்தித் திருத்தி அடித்தேன்.

அடுத்த அறையில் ஊற்றுகிற சத்தம் நின்றது.

ஈரக் காலடி வந்தது.

அவள் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். தலைமயிரை இரண்டாகப் பிரித்துப் பின்னியிருந்தாள். கடல்தண்ணீர் காய்ந்த துணியின் மணம் வந்தது. திரையில் இருந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, இதில நான் எது?"

எனக்கு அந்தக் கணம் என் மனைவியைத் தவிர வேறு யாரும் நினைவில் இல்லை. அவளை எப்படியாவது அவளுடைய இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற தவிப்பு. வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுதான் நீர். இஞ்ச பாரும், இது உம்மட பள்ளிக்கூடம், இது நாங்கள் கலியாணம் கட்டின நாள். நீர் என்ர மனுசி."

அவள் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் ஒரு துளி வழிந்தது.

"அப்ப இது?"

"அது உம்மட அக்கா. அவ செத்துப்போனா."

இடப்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"பாவம்," என்றாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. நான் சேமித்தேன், அனுப்பினேன். அவள் என் தோளில் சாய்ந்து அப்படியே சரிந்தாள். தாங்கிப் பிடித்து நிலத்தில் உட்கார்ந்து மடியில் கிடத்தினேன். பன்னிரண்டு ஆனது. மேசையில் திரை ஒருமுறை மினுங்கியது. கைப்பேசிக்குள் அமலதாஸ் கத்தினான்.

"ஒரு வித்தியாசமும் இல்லை அத்தான்! மூண்டிலும் ஒரே மாதிரி! ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கினம்!"

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு சீராக வந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. அப்போதுதான் அது கேட்டது.

"இஞ்சேருங்கோ."

கிணற்றடிப் பக்கமிருந்து.

மேர்சியின் குரல். சந்தேகமே இல்லை, குசினியிலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல். ஆனால் மேர்சி என் மடியில் கிடந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன, எனக்கு உள்ளுக்கு வரேலாமல் கிடக்கு."

பேய் விலகிப்போகும்போது கடைசியாக ஒரு ஏமாற்று வித்தை காட்டிப் பார்க்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவளை மெதுவாகக் கீழே கிடத்திவிட்டு எழும்பிப் போய்ப் பின்கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். கதவை யாரோ உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார்கள். பிறகு ஒன்றுமில்லை.

மேர்சி பின்னேரம் கண் விழித்தாள். "இஞ்சேருங்கோ, எத்தினை மணி?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விம்மினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே போனது. மூத்தவளுக்கு அவளுடைய பெயரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். மேர்சி முன்வரிசையில் முழங்காலில் நின்றாள், உதடு அசையவில்லை. முன்பள்ளிக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். தண்ணீர் எல்லோரையும்போல அளவாகக் குடித்தாள். முன்பெல்லாம் என்னோடு எதற்கெடுத்தாலும் வாய் காட்டுவாள், இப்போது சொன்னதைக் கேட்டாள். நோயிலிருந்து எழும்பியவள், போகப்போகச் சரியாகும் என்று நினைத்தேன். மென்பொருள் ஒவ்வொரு பகலும் வித்தியாசம் இல்லை என்று சொன்னது. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் சாப்பிடும்போது கலியாணப் பேச்சு வந்தது. "எங்கட கலியாணத்தண்டு என்ன பாடு, என்ன?" என்று சிரித்தேன்.

"இரண்டாயிரத்துப் பத்து வைகாசி இருபத்திரண்டு, சனிக்கிழமை," என்றாள்.

"அது சரி. அண்டைக்குப் பெய்த மழையில கேக் சரிஞ்சு உம்மட சீலையில விழுந்ததெல்லோ?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

"ஓம், மழை," என்றாள்.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாளைக்கு முதல் மாமி வந்தா. நெடுந்தீவை விட்டு வெளிக்கிட்டு ஆறேழு வருடமாயிற்று. படகில் ஏறுவதென்றாலே மாட்டேன் என்கிறவ, மகளைப் பார்க்க வேண்டும் என்று குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் மாறி, கையில் ஒரு பையோடு தனியாக வந்து படலையைத் திறந்தா. நல்ல வெயில். மேர்சி குசினியிலிருந்து ஓடிவந்து, "அம்மா!" என்று கட்டிப்பிடித்தாள்.

மாமி பையைக் கீழே விட்டா. மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, நெற்றியை, காதை, கன்னத்தைத் தடவிப் பார்த்தா. உதடு துடித்தது. நாற்பது வருட அழுகை ஒரேயடியாக வந்ததுபோல் அழுதா.

"என்ர மூத்தவள்," என்றா. "என்ர மூத்தவள் வந்திட்டாள்."

"மாமி," என்றேன்.

மாமிக்கு அது கேட்கவில்லை. தோளில் சாய்ந்திருந்தவளை அணைத்தபடியே குசினியைத் தாண்டி, திறந்திருந்த பின்கதவுக்கு வெளியே, கிணற்றடியைப் பார்த்தா. அழுகை மெல்ல நின்றது. அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் கிணற்றில் கட்டியிருந்த கயிறும்தான்.

மாமி என் பக்கம் திரும்பினா.

"தம்பி, சின்னவளை ஏன் வெளியில விட்டிருக்கிறியள்?"